வெங்காயக் கொட்டிலில் ஒரு சித்திரப் பட்டறை

1

இந்தக் கதையை நான் இட்டுக்கட்டவில்லை. சாவகச்சேரியில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் கிடைத்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம். சண்டை நின்றிருந்த மாதங்கள். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கடதாசியும் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தன. அவற்றின் பின்னால் கூட்டங்களும் வந்தன. நூல் அறிமுகம், கவியரங்கு, கருத்தரங்கு என்று ஒரு சனிக்கிழமையும் சும்மா போகவில்லை. என்னைச் சிறுகதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

நானும் பேசினேன். தற்செயலை நம்பிக் கதை எழுதக்கூடாது, வாசகர் ஏற்கமாட்டார் என்று எங்கோ படித்ததை என்னுடைய கண்டுபிடிப்புப் போலச் சொன்னேன். சபையின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் குடை.

"தம்பி, அப்ப எங்கடை சீவியத்தை என்ன செய்யிறது? அது முழுக்கத் தற்செயல்தானே."

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சண்டை பிடிச்சதாலை உயிர் தப்பின கதை ஒண்டு கிடக்கு. சொல்லட்டே?" என்றார். தலைவர் தலையசைத்தார். அவர் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வினிபிரட் ரீச்சர். [உண்மைப் பெயரும் அந்தத் தினுசுதான்.] கதை நடந்த மண்டபத்தைத் தேடிப் புத்தூருக்குப் போய்விடாதீர்கள். அதை இருந்த இடத்திலிருந்து நகர்த்தி வைத்திருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'அன்று வானம் துப்புரவாக இருந்தது. துப்புரவான வானத்தைக் கண்டால் சனம் பயந்த காலம் அது. கிழக்கே—'

விட்டுவிட்டேன். வானத்தில் தொடங்கினால் நீங்கள் மேலே பார்த்துக்கொண்டுதான் மிச்சத்தை வாசிப்பீர்கள். [சரி, இப்போது தெரிந்துவிட்டது. குண்டுபோடுகிற பொம்மர் வரும். அதை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்கு விருப்பமில்லை.]

இரண்டாவது தொடக்கம்: 'கதிரவேலர் பொல்லாத மனிசர்—'

அதையும் அடித்தேன். பொல்லாத மனிசர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், பிறகு அவர் தண்ணீர் குடித்தாலும் பொல்லாத தண்ணீராகத்தான் தெரியும்.

மூன்றாவது தொடக்கம் சப்பென்று இருந்தது. அதனாலேயே வைத்துக்கொண்டேன்.

3

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, புத்தூரில் ஒரு சனசமூக நிலையத்தில் பெண்களுக்கான சித்திரப் பட்டறை ஒன்று ஒழுங்காகியிருந்தது.

ஒழுங்குசெய்தவர் வினிபிரட். சொந்த ஊர் வட்டுக்கோட்டை. படிப்பிக்க வந்த இடத்தில் அப்படியே தங்கிவிட்டவர். வடக்கே கடற்கரைக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்த சனம் அப்போது புத்தூரின் பள்ளிக்கூடத்திலும் கோயில் மடத்திலும் இருந்தது. அந்தப் பெண்கள் அரிசிக்கு வரிசையில் நிற்பதையும் விறகுக்கு அலைவதையும் அவர் தினமும் பார்த்தார். மூன்று நாளைக்காவது இவர்களை வேறெதற்காவது ஓரிடத்தில் இருத்தவேண்டும் என்று தோன்றியது. கூடப் படித்த ஐசாக் மாஸ்ரரைக் கேட்டார். அவர் ஓவியர். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சாக்குக்குள் பழைய கலண்டர் தாள்கள், சீமெந்துப் பைக் கடதாசி, அடுப்புக்கரி, மஞ்சள், உடுப்புக்குப் போடுகிற நீலம். சிவப்புக்குப் புத்தூர் மண் இருக்கிறது என்றார்.

மண்டபம் கதிரவேலரின் பொறுப்பு. நிலையத்தின் காரியதரிசி அவர். புகையிலை பயிரிடும் கமக்காரர். மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து ஓடு போட்ட நாள்வரை நின்று வேலை பார்த்தவர். எல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிது கதிரைகள். மடிக்கிற இரும்புக் கதிரைகள், முதுகில் நிலையத்தின் பெயர் வெள்ளைப் பெயின்றில். கலியாண வீடுகளுக்கும் செத்த வீடுகளுக்கும் அவை இரவல் போகும். போனவை திரும்பி வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

"முதல்லை விளக்கு. பிறகு இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. ஆசியுரைக்கு ரெண்டு பேர் வருவினம். வாழ்த்துரைக்கு மூண்டு பேர்" என்றார் கதிரவேலர். "அது முடிய உங்கடை படம் கீறுற அலுவல்."

"வந்தவை கீறத்தானே அண்ணை வந்தவை."

"கீறட்டும், கீறட்டும். எதுக்கும் ஒரு முறை இருக்கு, ரீச்சர்."

அந்த முறை கதிரைகளிலும் இருந்தது. முன்வரிசைக் கதிரைகள் உரையாற்ற வருகிறவர்களுக்கு. அடுத்தவை ஊரவர்களுக்கு. பள்ளிக்கூடத்திலும் மடத்திலும் இருந்த பெண்களுக்குப் பின்னால் பாய். யாரும் சொல்லி அது நடக்கவில்லை. சொல்லாமலே அப்படித்தான் இருந்தது.

இராசாத்தி அதைக் கவனிக்கவில்லை. மடத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி. அவளுடைய ஊரில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து ஒரு காது கேட்காது, மற்றது பாதி. பேசுகிறவரின் வாயைப் பார்த்தால்தான் விளங்கும். அதனால் நேரே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதிரவேலர் பக்கத்தில் வந்தார். "பிள்ளை, அதிலையிருந்து எழும்பு."

இராசாத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எழும்பெண்டிறன். உது வாற ஆக்களுக்கு."

"ஓம் ஐயா, நல்ல வசதியாய்க் கிடக்கு" என்றாள் அவள்.

யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்களா தன்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று கதிரவேலருக்குத் தெரியவில்லை. முகம் கறுத்துவிட்டது. கூரை எதிரொலிக்கக் கத்தினார்.

"கதிரை உங்களுக்கில்லை. உங்களுக்குப் பின்னாலை பாய் போட்டுக் கிடக்கு."

சொன்னது இராசாத்திக்குக் கேட்டதோ என்னவோ, சுற்றியிருந்த முகங்களிலிருந்து அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்தாள். எழுந்து, தான் இருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அந்தத் துடைப்புத்தான் வினிபிரட்டைப் பிடித்து உலுக்கியது. கத்தினதைக்கூடப் பொறுத்திருப்பேன் என்று கூட்டத்தில் சொன்னார்.

"துடையாதையும், இராசாத்தி." கிட்டப்போய் அவளுடைய கையைப் பிடித்தார். பிறகு திரும்பி, "மாஸ்ரர், சாமானைக் கட்டுங்கோ" என்றார். கடைசியாகக் கதிரவேலரிடம் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"உங்கடை கதிரையளோடை நீங்களே இருங்கோ. ஒருத்தரும் வந்து கரைச்சல் தரமாட்டினம்."*

பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்துக் கதிரைகளில் இருந்த ஊர்ப் பெண்களும் எழுந்தார்கள். விளக்கேற்ற வந்த இரண்டு பெரியவர்கள், பார்க்க ஆளில்லாமல் விளக்கேற்றி என்ன என்று வெளிக்கிட்டார்கள். கதிரவேலர் மட்டும் நின்றார்.

* இந்த வசனத்தைக் கூட்டத்தில் அவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் உடைந்தது. ஏன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

4

தெருவுக்கு வந்த பிறகுதான் எங்கே போவது என்று வினிபிரட்டுக்குத் தெரியவில்லை. கோபத்தில் கிளம்புகிறவர்கள் இடம் பார்த்தா கிளம்புகிறார்கள்?

"எங்கடை கொட்டில் கிடக்கு, ரீச்சர்" என்றாள் குணலட்சுமி. ஊர்க்காரி, கமக்காரர் தியாகராசாவின் மனைவி. கதிரையில் இருந்து எழுந்து வந்தவர்களில் முதலாவது ஆள் அவள்தான்.

அது வெங்காயக் கொட்டில். கூரையின் வளைமரத்தில் வெங்காயப் பிடிகள் தலைகீழாகத் தொங்கின. தரையில் சாக்குப் படங்கை விரித்தார்கள். யார் எங்கே இருப்பது என்ற கேள்விக்கே இடமில்லாத அளவுக்கு நெருக்கம்.

ஐசாக் மாஸ்ரர் மேலே பார்த்தார். "கண்ணுக்கு முன்னாலை தொங்கிறதைக் கீறுங்கோ."

"உதை நட்டு, பிடுங்கி, கட்டித் தூக்கினது காணாதெண்டு இப்ப கீறவும் வேணுமோ?" என்றாள் குணலட்சுமி.

கொட்டிலே சிரித்தது. மடத்துப் பெண்கள் அப்படிச் சிரித்து வினிபிரட் அதற்கு முன் கேட்டதில்லை. சிரட்டைகளில் மஞ்சளும் நீலமும் கரைந்தன. சிவப்புக்கு ஒருத்தி வாசலிலேயே குனிந்து மண் அள்ளினாள். முதலில் கடதாசியைத் தொடப் பயந்தவர்கள் பிறகு இன்னொன்று கேட்டார்கள். இராசாத்தி மாஸ்ரருக்கு எதிரே இருந்தாள். அவர் பேசும்போது வாயைப் பார்ப்பாள், பிறகு வெங்காயத்தைப் பார்ப்பாள், பிறகு நெடுநேரம் வேலிப் பக்கம் பார்ப்பாள், பிறகு கீறுவாள்.

வினிபிரட் கீறவில்லை. கதிரவேலரோடு இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார், மனதுக்குள். இப்படிச் சொல்லியிருக்கலாம், அப்படிக் கேட்டிருக்கலாம் என்று நல்ல நல்ல வசனங்களாக வந்தன.

அப்போது சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை விவரிக்க ஒரு பத்தி எழுதினேன். [எடுத்துவிட்டேன். கேட்டவர்களுக்குத் தேவையில்லை. கேட்காதவர்களுக்கு அது உதவாது.] பெண்கள் எழுந்து கொட்டிலுக்குப் பக்கத்து வாழைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தார்கள். ஐசாக் மாஸ்ரர் கையில் சிரட்டையோடு படுத்தார். நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு இன்னொருமுறை. கொட்டிலுக்குள் வெங்காயம் பொலபொலவென்று கீறிய படங்களின் மேல் கொட்டியது.

இரைச்சல் தூரத்துக்குப் போனது. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தியின் முழங்கை உரசியிருந்தது, அவ்வளவுதான்.

வாழைகளுக்கு மேலாகச் செம்புழுதி எழுந்து நின்றது.

"மண்டபப் பக்கம்" என்றாள் குணலட்சுமி.

வினிபிரட்டுக்கு முதலில் வந்தது நிம்மதி. இத்தனை பேரும் அதற்குள் இருந்திருப்பார்களே என்று நினைத்தார். அடுத்த மூச்சில் தன்னுடைய வசனம் ஞாபகம் வந்தது.

உங்கடை கதிரையளோடை நீங்களே இருங்கோ.

5

இந்த இடத்தில் நான் கதிரவேலரை ஒரு தடவை கொன்றேன்.

முழுதாக எழுதினேன். இடிந்த சுவருக்குக் கீழே ஒரு கை, அந்தக் கை ஒரு கதிரையின் காலைப் பிடித்தபடி. வினிபிரட் முழந்தாளில். நன்றாக வந்திருந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அதுதான் சந்தேகத்தைத் தந்தது.

குண்டு விழுந்த நாளில் யார் யாரைக் கதிரையிலிருந்து எழுப்பினார்கள் என்று விமானம் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தண்டனை கொடுத்ததுபோல நான் எழுதிவிட்டேன். கொடுமை செய்தவரைச் சாகடித்து, சாகடித்த குற்றத்துக்காக அவருக்கு இரக்கமும் காட்டி, இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வரைவில் அவருக்குக் கால் மட்டும் போனது. வெட்கமாக இருந்தது. அதையும் கிழித்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி நண்பர் தம்பிராசாவிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் வாசிக்கிறவர் அவர்தான். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோவிச்சுக்கொண்டு போனதாலை அந்தச் சனம் தப்பினது சரி. மனிசரும் தப்பினது கொஞ்சம் கூடிப்போச்சு."

"அப்பிடித்தான் நடந்தது."

"நடந்தால் என்ன? கதைக்கு ஒரு சாவு குறையுது, ஐசே."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சாவு குறைகிறது என்று குறைப்படும் அளவுக்கு நாங்கள் எப்போது வந்தோம் என்று ஒரு கட்டுரை— [அதை வேறு நாளைக்கு எழுதலாம். ரீச்சர் ஓடிக்கொண்டிருக்கிறார்.]

6

வினிபிரட் ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. மண்டபத்தின் கூரை உள்ளே இறங்கியிருந்தது. ஒரு பக்கச் சுவர் மட்டும் யன்னலோடு நின்றது. ஓடும் மரமும் ஒன்றாகக் குவிந்து புகைந்தன. குவியலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வளைந்த கதிரைக் கால்கள்.

"கதிரவேலண்ணை" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

குனிந்து ஓடுகளைப் பிடுங்கி எறியத் தொடங்கினார். பின்னால் வந்த பெண்களும் கைகொடுத்தார்கள். ஐசாக் மாஸ்ரர் ஒரு வளைமரத்தை நெம்பினார். வினிபிரட்டின் விரல்களில் இரத்தம் வந்தது. இந்த மனிதரிடம் நேற்றுவரை பேசிய பேச்சு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. கடைசியாகச் சொன்னது மட்டும்தான் நின்றது. கதிரவேலர் அந்தச் சொல்லைக் கேட்டு அதற்குள் இருந்துவிட்டார் என்றே நினைத்தார். நான்தான் இருத்தினேன் என்று நினைத்தார். கர்த்தரே, எனக்கு இந்த ஒரு உதவி செய்யும் என்று வாய் தன்பாட்டில் சொன்னது.

இராசாத்தி அவருடைய தோளைப் பிடித்து இழுத்தாள். "ரீச்சர், ரீச்சர், அவர்—"

"விடும் பிள்ளை, விடும்."

இராசாத்தி மறுபடி இழுத்தாள். வினிபிரட் திரும்பவில்லை. அன்றைக்கு ஒரு சொல்லும் காதில் விழாமல் இருந்தவர் அவர்தான்.

"என்னத்தைத் தேடுறியள், ரீச்சர்?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வினிபிரட் கையில் ஓட்டோடு நிமிர்ந்தார். கதிரவேலர் நின்றார். தலையிலிருந்து கால்வரை சேறு. வேட்டி கரையெல்லாம் ஒட்டுப்புல். ஒரு கீறல் இல்லை.

"உங்களைத்தான்" என்றார் வினிபிரட்.

"என்னையோ?"

கதிரவேலர் குவியலைப் பார்த்தார். உண்மையிலேயே தான் அதற்குள் கிடக்கிறோமா என்று பார்ப்பதுபோல நல்லாய் எட்டிப் பார்த்தார். வினிபிரட் கையிலிருந்த ஓட்டைக் கீழே போட்டார். அந்தச் செம்மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. அழுது முடிந்ததும் எழுந்து அவருடைய சட்டையைப் பிடித்தார்.

"இருங்கோ எண்டெல்லே சொன்னனான். எங்கை போனனியள்?"

கதிரவேலர் வாய் திறக்கவில்லை. இராசாத்தி திறந்தாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருவில் கூடி நின்ற சனம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள்.

"வேலிப் பொட்டுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டவர், ரீச்சர். நான் கண்டனான். வாங்கோ எண்டு கைகாட்டினனான். சொல்லாதை எண்டு தலையாட்டினவர். அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நல்ல நேரம் யாரும் சிரிக்கவில்லை. கதிரவேலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிய மண்டபம் முன்னால் புகைகிறது, அவர் அதைப் பார்க்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, நீர் கீறின வெங்காயம் நல்ல வடிவு."

"என்ன ஐயா?" என்றாள் இராசாத்தி.

அவர் சுற்றவரப் பார்த்தார். ஊர் நின்றது. வேறு வழியில்லை. இன்னும் கிட்டப்போய், தன் வாயை அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தி, உரக்கச் சொன்னார்.

"நீர் கீறின வெங்காயம் நல்ல வடிவு எண்டனான்."

"ஓமோ?" என்றாள் அவள். முகம் மலர்ந்துவிட்டது. "வாலைத்தான் சரியாய்க் கீற வரேல்லை, ஐயா."*

* எழுப்பும்போது 'எழும்பு', இப்போது மரியாதையான 'நீர்'. இந்த மாற்றத்தை ரீச்சர் அழுத்திச் சொல்லவில்லை. நானாகக் கவனித்துச் சந்தோஷப்பட்டேன். இதற்குமேல் ஒரு மன்னிப்பைக் கதிரவேலர் கேட்டாரா என்றால், இல்லை.

7

கதிரவேலர் ஏன் வேலிக்குப் பின்னால் வந்து நின்றார்?

கீறுவதைப் பார்க்கும் ஆசை என்று எழுதினால் மனதுக்கு இதமாக இருக்கும். மண்டபத்துப் பாய்களை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று பார்க்க வந்தார் என்றால் அவருடைய குணத்துக்குப் பொருந்தும். தனியே நிற்க முடியாமல் வந்தார் என்றும் இருக்கலாம். அத்தனை வெறுங்கதிரைகளுக்கு நடுவில் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்பார்? கூட்டத்தில் ஒருவர் இதைக் கேட்டே விட்டார்.

"நான் கேக்கேல்லை" என்றார் வினிபிரட். "மனிசர் நிண்டார். எனக்கு அது காணும்."

ஊரில் பிறகு ஒரு கதை பரவியதாம். ரீச்சர் வேதக்காரி, செபிக்கிறவ, நடக்கப்போவது அவவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, அதுதான் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனவ என்று. தெருவில் கண்டால் கும்பிடத் தொடங்கினார்களாம்.

"எனக்கு ஒண்டும் தெரியாது, தம்பி. கோவம் வந்தது. அவ்வளவுதான்" என்றார் என்னைப் பார்த்து. "அதையும் எழுதிவிடும்."

எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் பட்டறை நின்றதா என்று யாரோ கேட்டார்கள். ஏன் நிற்கிறது, அதே கொட்டிலில் நடந்தது, விழுந்த வெங்காயத்தை முதலில் பொறுக்கவேண்டி வந்தது என்றார். "விடிய எல்லாரும் வந்திட்டினம். மாஸ்ரர் கடதாசி குடுத்துக்கொண்டு நிண்டார். அப்ப படலையடியிலை கதிரவேலண்ணை—"

தலைவர் மணியை அடித்தார். நேரம் போய்விட்டது, இன்னும் இரண்டு பேர் பேச இருக்கிறார்கள், அதற்குப் பிறகு நன்றியுரை என்றார். ரீச்சர் கொஞ்சமும் கோபப்படாமல், "அதுக்கென்ன" என்று உட்கார்ந்தார். நன்றியுரை முடிந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவரில்லை. கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அந்த ஊருக்குப் போய் விசாரித்திருக்கலாம். சைக்கிளில் போகிற தூரம்தான். இரண்டு தடவை வெளிக்கிட்டேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். கதிரவேலர் உள்ளே வரவில்லை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வது? வந்து, படங்கில் இராசாத்திக்குப் பக்கத்தில் இருந்து, கரித்துண்டை வாங்கிக் கீறினார் என்றால், தம்பிராசாவுக்கு எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே, வாசகரே, அவரை வேலி வாசலில், படலையடியில் நிறுத்திவைத்திருக்கிறேன். விடிந்து வெயில் ஏறாத நேரம். கொட்டிலுக்குள் பேச்சுச் சத்தம் கேட்கிறது. மண்டபம் இல்லை, கதிரை இல்லை, முறை சொல்ல அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை. உள்ளே வரச் சொல்வதோ, அவருடைய கால்களையே யோசிக்க விடுவதோ உங்கள் பாடு.

எப்படியோ உயிரோடு கொண்டுவந்து உங்களிடம் சேர்த்துவிட்டேன். மிச்சத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.